நடைபாதை அமைக்கும் தொழில்: தோட்டத்து இளைஞர்கள் கற்க வேண்டிய அடிப்படைகள்

நாள்தோறும் நாம் நடந்து செல்லும் பாதையைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. கால் இடறும்போதும், மழைநீர் தேங்கி வழியை மறிக்கும்போதும்தான் அதன் நினைவே நமக்கு வருகிறது. குறையின்றி அமைந்த பாதை எவர் கண்ணிலும் படுவதில்லை. ஆயினும் அத்தகைய பாதையை அமைப்பதற்குத் தனித் திறன் வேண்டும். அத்திறன் கற்றுக்கொள்ளக் கூடியது. தோட்டத்தில் வளர்ந்த இளைஞர்களுக்கு எட்டாத ஒன்றன்று.

நம் தோட்டங்களுள் பல ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறிவிட்டன. வேறு பல, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் உருமாறியுள்ளன. 1995ஆம் ஆண்டில் கட்டுமானப் பணி தொடங்கிய புத்ராஜெயா நகரம் எழுந்துள்ள நிலம், முன்பு பிராங் பெசார் தோட்டமாக இருந்தது. 'பி.பி.' என்னும் எழுத்துகளைத் தாங்கிய ரப்பர் இனங்கள் அத்தோட்டத்தின் பெயரைத்தான் இன்றும் சுமந்து நிற்கின்றன. மரங்கள் நிரை நிரையாக நின்ற மண்ணில் இன்று அகன்ற சாலைகளும் நடைபாதைகளும் உள்ளன.

தோட்டம் நகரமாக மாறும்போது அங்கே கல் பதிப்பவர் யார் என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி. தொழில் தெரியாதவர் அவ்விடத்தில் கல் சுமக்கலாம், மண் அள்ளலாம். பணி முடிந்ததும் அவர் தேவையும் முடிந்துவிடும். நூல் பிடிக்கவும், மட்டம் பார்க்கவும், சாய்வு கணக்கிடவும் தெரிந்தவரோ அடுத்த பணியிடத்திற்கும் அழைக்கப்படுகிறார். இவ்விருவரையும் பிரித்துக் காட்டுவது உடல் வலிமை அன்று. சில அடிப்படைகளை அறிந்திருப்பதே. அவ்வடிப்படைகளை இங்கே விளக்குகிறோம்.

பாதையின் பகைவன் நீர்

பாதை ஒன்று கெடுவதற்கு அதன்மேல் செல்லும் பாரமே காரணம் எனப் பலரும் கருதுகின்றனர். பெரும்பாலும் அது நீரின் வேலை. கற்களுக்கு இடையே இறங்கும் மழைநீர் வெளியேற வழியின்றி அடியில் தேங்குகிறது. தேங்கிய நீர் மண்ணைச் சேறாக்குகிறது. சேறான மண் பாரத்தைத் தாங்காமல் அமிழ்கிறது. கல் உடையாமலேயே பாதை குழி விழுவது இவ்வாறுதான். நம் நாட்டில் பெய்யும் மழைக்கு இதனை முதற்பாடமாகக் கொள்ள வேண்டும்.

இப்பாடம் பால்மரம் சீவுவோருக்குப் புதியதன்று. வெட்டுப்பட்டை ஏறத்தாழ 30 பாகை சாய்வில் இருந்தால்தான் பால் வழிந்து மங்கில் சேரும் என்பதை அவர்கள் கை அறியும். சாய்வு குறைந்தால் பால் பட்டையை விட்டு வெளியே வழியும். பாதைக்கும் அதுவே விதி. அளவு மட்டும் வேறு. கல் பதித்த நடைபாதைக்கு 40க்கு 1 என்ற பக்கச் சாய்வு பொதுவாகக் கொடுக்கப்படுகிறது. அதாவது, ஒரு மீட்டர் அகலத்திற்கு 25 மில்லிமீட்டர் தாழ்வு. பாதையின் அகலம் ஒன்றரை மீட்டரானால், ஓர் ஓரம் மற்றோர் ஓரத்தைவிட ஏறத்தாழ 38 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். நடப்பவர் கால் அதை உணராது; நீர் உணர்ந்து ஓடிவிடும்.

நீர் எங்கே ஓடிச் சேர வேண்டும் என்பதையும் முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். வீட்டுச் சுவரை நோக்கி ஒருபோதும் சாய்வு அமையலாகாது. கால்வாயை நோக்கியே அமைய வேண்டும். பாதையில் தேங்கும் தெளிந்த நீர் ஏடிஸ் கொசுவுக்கும் இடம் தருகிறது. ஆதலின் இது குடும்பங்களின் உடல்நலம் பற்றிய செய்தியும் ஆகும்.

முளையும் நூலும்

மண்வெட்டியை எடுப்பதற்கு முன் முளை அடித்து நூல் கட்ட வேண்டும். பாதையின் இரு ஓரங்களையும், முடிவில் கல்லின் மேற்பரப்பு வரவேண்டிய உயரத்தையும் நூலே காட்டுகிறது. நூல் தளர்வாக இருந்தால் நடுவில் தொய்ந்து மட்டத்தைக் கெடுக்கும். எனவே அதனை இழுத்துக் கட்டுவது இன்றியமையாதது.

மூலை சரியான செங்கோணமாக இருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய முறை உண்டு. மூலையிலிருந்து ஒரு நூலில் 3 மீட்டரும், மற்றொரு நூலில் 4 மீட்டரும் அளந்து குறியிடுக. இரு குறிகளுக்கும் இடையே சரியாக 5 மீட்டர் இருந்தால் மூலை செங்கோணமாகும். இதற்கு அளவு நாடா ஒன்றே போதும்.

தொலைவிலுள்ள இரு முளைகளின் உயரத்தை ஒப்பிட நீர்மட்டக் குழாய் உதவும். கண்ணாடி போன்ற தெளிவான குழாயில் நீர் நிரப்பி, இரு முனைகளையும் இரு முளைகளின் அருகே பிடித்தால், இரு பக்கத்து நீரும் ஒரே உயரத்தில் நிற்கும். குழாயினுள் காற்றுக் குமிழி இருந்தால் அளவு பொய்க்கும். அதனை முதலில் வெளியேற்றிவிட வேண்டும். குறுகிய தூரத்திற்கு ரசமட்டமும் நேரான பலகையும் போதுமானவை.

கண்ணுக்குத் தெரியாத அடித்தளம்

பாதையின் ஆயுள் அதன் அடித்தளத்தில் இருக்கிறது. மேலே பதிக்கும் கல் எவ்வளவு விலை உயர்ந்ததாயினும், அடியில் உள்ளது நெகிழ்ந்தால் அது வீணே.

தோண்டும்போது புல், வேர், மக்கிய இலை அனைத்தையும் அகற்ற வேண்டும். பழைய ரப்பர் நிலங்களில் மரக்கட்டைகளும் பெருவேர்களும் மண்ணுக்குள் இருக்கும். அவற்றை விட்டுவிட்டு மேலே கல் பதித்தால், சில ஆண்டுகளில் அவை மக்கி உள்ளே வெற்றிடம் உண்டாகும். பாதை அவ்விடத்தில் இறங்கும். சேறாக உள்ள பகுதியையும் வெட்டி எடுத்துவிட்டு நல்ல மண்ணால் நிரப்ப வேண்டும்.

அதன்மேல் 'கிரஷர் ரன்' எனப்படும், தூளும் சிறு சல்லியும் பெருஞ்சல்லியும் கலந்த உடைகல்லைப் பரப்புகிறோம். மக்கள் மட்டும் நடக்கும் பாதைக்கு, நிலம் உறுதியானதாக இருந்தால், அமுக்கிய பின் 100 மில்லிமீட்டர் தடிப்பு பொதுவாகப் போதும். மோட்டார் வாகனம் ஏறும் இடங்களில் தடிப்பு மிகும். அதனைப் பொறியாளர் குறித்துத் தருவார்.

தடிப்பு முழுவதையும் ஒரே தடவையில் கொட்டி அமுக்குவது தவறு. பொறியின் அதிர்வு அடிவரை செல்லாது; மேற்பரப்பு மட்டும் இறுகி, கீழ்ப்பகுதி தளர்ந்தே இருக்கும். ஆகவே 100 முதல் 150 மில்லிமீட்டர் வரையான படலங்களாகப் பரப்பி, ஒவ்வொன்றையும் தனித்தனியே அமுக்க வேண்டும். உடைகல் சற்று ஈரமாக இருப்பது நல்லது. ஒரு பிடி எடுத்து அழுத்தினால் கட்டியாக நிற்க வேண்டும். விரலிடுக்கில் நீர் வடியக் கூடாது. மேற்பரப்புக்கு வேண்டிய சாய்வை அடித்தளத்திலேயே அமைத்துவிட வேண்டும். பின்னர் மணலைக் கூட்டிக் குறைத்துச் சாய்வு கொடுக்க முயன்றால், மணல் மிகுந்த இடம் அமிழ்ந்துவிடும்.

ஓரக்கல் நிறுத்துதல்

சாலையோரத்திலும் பாதையோரத்திலும் வரிசையாக நிற்கும் கல்லைப் பணியிடங்களில் 'கெர்ப்' என்பார்கள். நாம் அதனை ஓரக்கல் என்போம். அது அழகுக்காக வைக்கப்படுவதன்று. பாதையில் பதித்த கற்கள் பக்கவாட்டில் நகராமல் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. சாலைநீரைக் கால்வாய்க்குள் செலுத்துவதும், நடப்போரையும் வாகனங்களையும் பிரித்து வைப்பதும் அதுவே. ஓரக்கல் அசைந்தால் அடுத்துள்ள கற்களின் இடைவெளி அகலும்; மணல் கசியும்; பாதை முழுவதும் தளரும்.

ஆகையால் ஓரக்கல்லை வெறும் மண்ணில் நிறுத்தலாகாது. குறைந்தது 100 மில்லிமீட்டர் தடிப்புள்ள கான்கிரீட் படுகையின்மேல், நூலைத் தொட்டும் தொடாமலும் வரிசையாக நிறுத்தி, ரப்பர்ச் சுத்தியலால் தட்டி மட்டம் செய்ய வேண்டும். பின்புறத்தில் கல்லின் பாதி உயரத்திற்கு மேல் கான்கிரீட்டைச் சரிவாக அணைத்து வைக்க வேண்டும். அந்த அணைப்புதான் வாகனச் சக்கரம் மோதும்போது கல்லைத் தாங்குகிறது. பின்னர் மண் மூடிவிடுவதால் அது எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் வேலையைச் செம்மையாகச் செய்பவரே நல்ல தொழிலாளி.

ஓரக்கல்லைத் தூக்கும்போது கவனம் வேண்டும். 900 மில்லிமீட்டர் நீளமும், 250 மில்லிமீட்டர் உயரமும், 125 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட கான்கிரீட் கல் ஒன்று ஏறத்தாழ 67 கிலோ எடை இருக்கும். ஒரு சிமெண்டு மூட்டை 50 கிலோதான். எனவே இதனை ஒருவர் தனியே தூக்குவது வீரமன்று. முதுகெலும்புக்குச் செய்யும் தீங்கு. இருவர் பிடிக்கும் இடுக்கியையோ பொறியையோ பயன்படுத்த வேண்டும்.

கல் பதித்தல்

நம் நாட்டு நடைபாதைகளில் பரவலாகக் காணப்படுவது 'இன்டர்லாக்' கல். ஒன்றோடொன்று பிணைந்து நிற்பதால் இப்பெயர் பெற்றது. 200 மில்லிமீட்டர் நீளமும் 100 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட கல் ஒரு சதுர மீட்டருக்கு 50 வேண்டும். நடப்பவர்களுக்கான பாதைக்கு 60 மில்லிமீட்டர் தடிப்பும், வாகனம் ஏறும் இடத்திற்கு 80 மில்லிமீட்டர் தடிப்பும் வழக்கத்தில் உள்ளன.

10 மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உள்ள பாதையை எடுத்துக்கொள்வோம். பரப்பு 15 சதுர மீட்டர். ஆகவே 750 கற்கள். உடைவதற்கும் வெட்டுவதற்கும் நூற்றுக்கு ஐந்து எனக் கூட்டினால் ஏறத்தாழ 790 கற்கள் தேவைப்படும். 100 மில்லிமீட்டர் அடித்தளத்திற்கு, அமுக்கிய நிலையில் ஒன்றரைக் கன மீட்டர் உடைகல் வேண்டும். இக்கணக்கைப் போடத் தெரிந்த இளைஞனைத்தான் மேற்பார்வையாளர் அடுத்த படிக்கு உயர்த்துவார்.

இறுகிய அடித்தளத்தின்மேல் பருமணலை ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் தடிப்புக்குப் பரப்பி, இரு குழாய்களின்மேல் மட்டப்பலகையை இழுத்துச் சமன் செய்ய வேண்டும். சமன் செய்த மணலில் கால் வைக்கக் கூடாது. பதித்த கற்களின்மேல் நின்றுகொண்டே முன்னோக்கிப் பதித்துச் செல்ல வேண்டும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே 2 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். அவ்விடைவெளியில் புகும் மணலே கற்களைப் பிணைக்கிறது; நெருக்கி ஒட்டிவிட்டால் பிணைப்பு இல்லை. சில வரிசைகளுக்கு ஒரு முறை நூல் பிடித்து நேர் பார்க்க வேண்டும்.

வாகனம் செல்லும் இடத்தில், மீன்முள் போல் ஒன்றுக்கொன்று குறுக்காகக் கல் பதிக்கும் முறையே சிறந்தது. சக்கரம் திரும்பும்போது ஏற்படும் தள்ளுதலை அம்முறை பல கற்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. நடைபாதைக்குச் செங்கல் சுவர்போல் மாறி மாறி வைக்கும் முறை போதும்.

பதித்து முடித்தபின் அதிர்வுப் பொறியால் அமுக்கி, உலர்ந்த நுண்மணலைத் தூவிப் பெருக்கி, மீண்டும் அமுக்க வேண்டும். ஓரக்கல் இன்னும் நிறுத்தப்படாத பக்கத்தில், விளிம்பிலிருந்து ஒரு மீட்டருக்குள் பொறியைச் செலுத்தலாகாது. கற்கள் சிதறி விலகும்.

கான்கிரீட் பாதை

லயங்களின் முன்னும் கோயில் வாசலிலும் நாம் பெரும்பாலும் காண்பது கான்கிரீட் பாதை. 1 பங்கு சிமெண்டு, 2 பங்கு மணல், 4 பங்கு சல்லி என்ற கலவையில், 100 மில்லிமீட்டர் தடிப்பில் இதனை அமைக்கலாம். ஒரு மூட்டைச் சிமெண்டுக்கு நீர் ஏறத்தாழ 25 லிட்டர். மணல் முன்னரே ஈரமாக இருந்தால் இதனினும் குறைக்க வேண்டும். கலக்க எளிதாக இருக்கும் என்று நீரை மேலும் ஊற்றுவது நம்மிடையே உள்ள பெருந்தவறு. மிகுதியான நீர் பின்னர் ஆவியாகிச் சிறு துளைகளை விட்டுச் செல்வதால் கான்கிரீட்டின் வலிமை குன்றுகிறது.

2 அல்லது 3 மீட்டருக்கு ஓர் இணைப்பு விட வேண்டும். இன்றேல் கான்கிரீட் தானே சுருங்கி, தனக்கு வேண்டிய இடத்தில் வெடித்துக்கொள்ளும். போட்டு முடித்தபின் ஏழு நாள்கள் ஈரச் சாக்கு அல்லது பிளாஸ்டிக் விரிப்பால் மூடிக் காக்க வேண்டும். சிமெண்டு உலர்வதால் இறுகுவதன்று. நீருடன் கலந்து நிகழும் மாற்றத்தால் இறுகுவது. ஆதலின் வெயிலில் விரைந்து காயவிடுவது அதற்குக் கேடு.

எல்லாருக்கும் உரிய பாதை

சக்கர நாற்காலியில் செல்பவருக்கு 150 மில்லிமீட்டர் உயரமுள்ள ஓரக்கல் ஒரு சுவருக்குச் சமம். ஆகவே சாலையைக் கடக்கும் இடங்களில் ஓரக்கல்லைத் தாழ்த்திச் சரிவு அமைக்கிறோம். 12க்கு 1 என்ற அளவைவிடச் செங்குத்தாக அச்சரிவு அமையக் கூடாது. 150 மில்லிமீட்டர் உயரத்திற்கு 1.8 மீட்டர் நீளச் சரிவு வேண்டும் என்பது இதன் பொருள். இடமில்லை என்று நீளத்தைக் குறைத்தால், அச்சரிவில் நாற்காலி பின்னோக்கிச் சாயும்.

நடைபாதையில் நீண்ட வரிகளும் வட்டப் புடைப்புகளும் கொண்ட மஞ்சள் கற்களை நகரங்களில் பார்த்திருப்போம். கண் பார்வையற்றோர் காலாலும் கோலாலும் வழி அறிய உதவுபவை அவை. ஜப்பானைச் சேர்ந்த செய்இச்சி மியாகே என்பவர் 1965இல் உருவாக்கிய இக்கல், 1967இல் ஒகாயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டது. நீண்ட வரி 'இவ்வழியே செல்க' என்றும், வட்டப் புடைப்பு 'நில், கவனி' என்றும் பொருள்படும். பதிப்பவர் இவ்விரண்டையும் மாற்றி வைத்துவிட்டால், பார்வையற்ற ஒருவர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் சாலையில் இறங்கிவிடுவார். மாற்றுத் திறனாளிகள் பொது வசதிகளைப் பயன்படுத்தும் உரிமையை நம் நாட்டின 2008ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுள்ளது. அவ்வுரிமை மெய்யாவது கல் பதிக்கும் தொழிலாளியின் கையில்தான்.

உடலைக் காத்தல்

ஈரச் சிமெண்டு தோலை அரிக்கும் காரத்தன்மை உடையது. முழங்கால் ஊன்றி வேலை செய்யும்போது துணி வழியே ஊறி, வலி தெரிவதற்கு முன்பே புண்ணாக்கிவிடும். கையுறையும் ரப்பர்க் காலணியும் அணிக. பட்ட இடத்தை உடனே நிறைய நல்ல நீரால் கழுவுக.

கல்லை உலர்ந்த நிலையில் பொறியால் அறுக்கும்போது பறக்கும் நுண்தூள் நுரையீரலில் தங்கி, காலப்போக்கில் மூச்சையே முடக்கும் நோயை உண்டாக்கும். நீர் ஊற்றி அறுப்பதோ, அழுத்தி உடைக்கும் கைப்பொறியைப் பயன்படுத்துவதோ நன்று. முகத்தில் கைக்குட்டை கட்டுவது இத்தூளைத் தடுக்காது; அதற்குரிய முகக்கவசமே வேண்டும்.

வேலையில் சேரும் வழி

கட்டுமான இடத்தில் பணிபுரிய விரும்புவோர், 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமாகிய சி.ஐ.டி.பி.யில் பதிந்துகொள்ள வேண்டும். ஒரு நாள் பாதுகாப்புப் பயிற்சிக்குப் பின் பெறும் அந்தப் பதிவு அட்டையைப் 'பச்சை அட்டை' என்பர். இதுவே முதற்படி. அனுபவம் பெற்றபின் திறன் மதிப்பீட்டுக்கு உட்பட்டு, திறன் பெற்ற தொழிலாளியாக உயரலாம். தொழிற்பயிற்சி நிலையங்களில் பயின்று மலேசியத் திறன் சான்றிதழ் பெறும் வழியும் உண்டு. ஆண், பெண் இருபாலருக்கும் இவ்வழிகள் திறந்தே உள்ளன.

வேலை கொடுப்பவரிடம் ஊதியத்தை எழுத்தில் கேட்டுப் பெறுவது நம் உரிமை. மாதக் குறைந்தபட்ச ஊதியம் 1,700 வெள்ளி என்பது 2025 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் சிறு முதலாளிகளுக்கும் விரிந்தது. சொக்சோவுக்கும் ஊழியர் சேமநிதிக்கும் நம் பெயரில் பணம் செலுத்தப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஓரக்கல் காலில் விழுந்த பிறகு அதனைப் பற்றி விசாரிப்பதில் பயனில்லை.

இதற்கிடையே தோட்டத்திலேயே பயிற்சியைத் தொடங்கலாம். நிர்வாகத்தின் அனுமதி பெற்று, லயத்தின் முன்னோ பாலர் பள்ளியின் வாசலிலோ இரண்டு மீட்டர் நீளத்திற்கு ஒரு பாதையை இளைஞர் மன்றத்தினர் சேர்ந்து அமைத்துப் பார்க்கட்டும். முளை, நூல், நீர்மட்டக் குழாய், மண்வெட்டி, மட்டப்பலகை ஆகியவை தொடங்கப் போதும். அமைத்து முடித்தபின் அதன்மேல் ஒரு வாளி நீர் ஊற்றிப் பாருங்கள். நீர் எங்கும் தேங்காமல் கால்வாயில் சென்று சேர்ந்தால் சாய்வு சரி. அடுத்த பெருமழைக்குப் பின்னும் கல் ஒன்றும் இறங்காமல் நின்றால் அடித்தளமும் சரி. இவ்விரு சோதனைகளிலும் தேறியவர், துணிந்து எந்தப் பணியிடத்திலும் வேலை கேட்கலாம்.